கால்மாட்டுப் பூ

அய்யய்யோ, அங்க மிதிக்காத தாயி! அந்த வேலி ஓட்டை வழியா நொழையாத. அந்தப் புல்லு மேல மட்டும் கால் வைக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும். சுத்திக்கிட்டு வா, கேட்டு இந்தப் பக்கம் இருக்கு. கொஞ்சம் எறங்கிப் போச்சு, தூக்கிப் புடிச்சுத் தள்ளுனாத் தொறக்கும்.

ம், வந்துட்ட. உக்காரு. உக்கார மாட்டியா? சரி, நின்னுக்கிட்டே கேளு. இந்தக் காதுப் பக்கமா நில்லு, அந்தக் காதைத்தான் பீரங்கி தின்னுருச்சே.

நீ யாருன்னு சொல்ல வேணாம், எனக்குத் தெரியும். ரயிலடி ரோட்டுல நீ நடந்து வரையிலேயே பாத்தேன். என் தம்பி சைலஸுதான் பாவாடை கட்டிக்கிட்டு வர்றான்னு நெனைச்சுட்டேன். அந்தப் புருவமும் தாடையும் அப்புடியே அவந்தான். கோவம் வந்தா அவனும் இப்புடித்தான் வாயைத் தச்சுக்கிட்டு மொறைச்சுக்கிட்டே நிப்பான். நீ ஹெஸ்டர் மக லெட்டிதான? உன்னைய வயித்துல வச்சுக்கிட்டுத்தான் உங்காத்தா இந்த ஊரை விட்டே ஓடுனா. எப்பக் கண்ணை மூடுனா அவ? ஓ. போன பனிக்காலமா. நல்ல பொம்பளை. அவ கை சோளரொட்டி ருசி இன்னும் நாக்குல இருக்கு.

என்ன பாக்குற? இந்தக் கோட்டையா? பாரு, நல்லாப் பாரு. சாம்பக் கலரு, பித்தளைப் பொத்தான். தெக்கத்திப் பட்டாளத்துக் கோட்டு. எனக்குச் சொந்தம் இல்ல. வருசத்துல ஒருநாள், செத்த சிப்பாய்களுக்குப் பூப்போடுற இந்த நாளன்னிக்கு, கமிட்டிக்காரவுக குடுப்பாக. போட்டுக்கிட்டுக் கல்லறைப் பக்கத்துல நிக்கணும். நாளைக்குத் துவைச்சு மடிச்சுத் திருப்பிக் குடுத்துறணும். காலையில நீ வந்திருந்தா வேடிக்கை பாத்திருக்கலாம். பேண்டு வாத்தியம் என்ன, வெள்ளைப் பாவாடை கட்டுன தொரசானிக என்ன! கெழட்டுத் தொரைக எல்லாம் பழைய கோட்டை மாட்டிக்கிட்டு வந்திருந்தாக. ஒருத்தருக்கும் தொந்தியில பொத்தான் பூட்டல. இந்தா குமிஞ்சு கெடக்கே லில்லியும் ரோசாவும், அம்புட்டும் இன்னிக்குப் போட்டதுதான்.

கல்லுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சிட்டியா? எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் மனப்பாடம். கேப்டன் ராண்டல் வெதர்பி. வீரன். தாய்மண்ணுக்காக உயிர் குடுத்தவன். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல என் பேரும் இருக்கு, பாத்தியா? அவன் உடலை வீட்டுக்குக் கொண்டு வந்த விசுவாச ஊழியன் ஆம்ப்ரோஸ். உயிரோட இருக்கையிலேயே கல்லறையில பேரு வந்த கறுப்பன் இந்த மிசிசிப்பியில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

துப்பணுமா? துப்பிக்க. ஆனா வேலிக்கு வெளிய துப்பு. நம்ம ஆளுக எல்லாரும் அங்கனதான் துப்புவாக.

உங்காத்தா என்ன சொல்லி வளத்திருப்பான்னு எனக்குத் தெரியும் தாயி. உங்கப்பன் கையில துப்பாக்கி இருந்துச்சு, உங்க பெரியப்பன் கையில தொரையோட சவரக் கிண்ணம் இருந்துச்சுன்னு சொல்லியிருப்பா. அதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. சண்டை முடிஞ்சும் அந்த நாயி எசமான் சமாதியில காவக் கெடக்குதுன்னும் சொல்லியிருப்பா. ஊரே சொல்லுது, அவ சொன்னா என்ன? நம்ம கோயில்ல நான் போய் உக்காந்தா, அந்த பெஞ்சுல இருக்குறவுக எந்திரிச்சு வேற பெஞ்சுக்குப் போயிருவாக. எனக்கு ஒரு பெஞ்சு முழுசும் கெடைக்கும். தொரைகளுக்குக் கூட அந்த வசதி கெடையாது.

உங்க பெரியம்மா டாஃப்னி இருந்தாளே, அவ என்ன செய்வா தெரியுமா? வருசம் முழுக்க ஒழுங்காச் சோறு போடுவா. இந்த ஒரு நாள் மட்டும் தட்டைக் கொண்டு போய் வாசப்படிக்கு வெளிய, தரையில வைப்பா. நாய்க்கு வைக்கிற மாதிரி. அந்தக் கோட்டோட குத்துக்கால் போட்டு உக்காந்து தின்னுட்டு, தட்டைக் கழுவி உள்ள வைப்பேன். அவ சாகுற வருசம் வரைக்கும் அப்புடித்தான். சாகப் போற நேரத்துல அவ காதுல ஒண்ணு சொன்னேன். என்ன சொன்னேனா? இரு. அதுக்குத்தான உன்னைய உக்காரச் சொல்றேன்.

ஆங், இப்ப உக்காந்தியே. நல்லது. இல்ல இல்ல, கால் மட்டும் அந்தப் பக்கம் நீட்டாத.

சண்டை எதுக்கு வந்துச்சுன்னு வடக்க உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாக. இங்க இன்னிக்குக் காலையில ஒரு தொரை மேடையேறி, மாகாண உரிமைக்காகச் சண்டை போட்டோம், மாகாண உரிமைக்காகச் சண்டை போட்டோம்னு தொண்டை கிழியக் கத்துனாரு. எல்லாரும் கையைத் தட்டுனாக. எதுக்கு உரிமைன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. நான் கேக்க முடியுமா? நான்தான அந்த உரிமை. கோட்டு மாட்டி ஓரமா நிக்க வச்சிருக்காகல்ல.

அப்ப, ராண்டல் தொரைக்கு எடுபிடியா நான் பட்டாளத்துல இருக்கையில, அவுக இப்புடியெல்லாம் சுத்தி வளைச்சுப் பேச மாட்டாக. நெருப்பைச் சுத்தி உக்காந்து, நான் சுட்டுக் குடுத்த கறியத் தின்னுக்கிட்டே, என்னைய வச்சுக்கிட்டே பேசுவாக. லிங்கன் வந்தா நம்ம பஞ்சை நம்மளே எடுக்கணும்டா, நம்ம பூட்சை நம்மளே தொடைக்கணும்டான்னு சிரிப்பாக. நான் ஒரு ஆள் அங்க நிக்கிறேங்குறதே அவுக கண்ணுக்குத் தெரியாது. கொட்டகையில மாடு நின்னா, மாட்டுக்குக் காது கேக்கும்னு யாரு ரகசியம் பேசுவா? அதை மட்டும் மனசுல வச்சுக்க தாயி. எல்லா வேலையையும் நம்ம கையில குடுப்பாக. நம்மளத்தான் பாக்க மாட்டாக.

இருவது அடிமை வச்சிருக்குற வீட்டுல ஒருத்தன் சண்டைக்குப் போக வேணாம்னு நடுவுல ஒரு சட்டம் போட்டாக. கேள்விப்பட்டிருக்கியா? அப்ப சாகப் போனது யாரு? காலுக்குச் செருப்பில்லாத வெள்ளைக்காரப் பயலுக. ஒருத்தன், பாவம், மீசை கூட மொளைக்கல, வயித்தால போயிக் கெடந்தான். நான் தண்ணி குடுத்தேன். டேய், எங்கப்பன்கிட்ட ஒரு கோவேறு கழுதை கூட இல்லடா, நான் யாரோட அடிமைக்காகடா சாகுறேன்னு என்கிட்டக் கேக்குறான். நான் என்னத்தச் சொல்ல? குடிங்க தொரைன்னேன்.

வடக்கத்தியான் மட்டும் யோக்கியனாக்கும்? மொதல்ல ஓடிப் போன நம்ம ஆளுகளைப் புடிச்சு, எசமான் வீட்டுலயே கொண்டாந்து விட்டவுகதான் அவுக. கறுப்பன் கையில துப்பாக்கி குடுக்க மாட்டோம்னாக. அவுக பக்கம் பொணம் விழுந்து விழுந்து ஆளு பத்தாமப் போனதுக்கு அப்புறம்தான் நம்ம நெறம் அவுகளுக்குக் கசக்கல. அப்பவும் சம்பளத்துல கொறைச்சல்தான். உங்கப்பன் அதையெல்லாம் தெரிஞ்சேதான் போனான். அவனுக்கு வடக்கும் வேணாம் தெக்கும் வேணாம், அந்தத் துப்பாக்கிதான் வேணும்.

நான் ஏன் போகல? கேட்டுட்டியா. கேப்பன்னு தெரியும்.

ராண்டல் தொரை லீவுல வீட்டுக்கு வந்திருந்தாரு, கூட நானும் வந்திருந்தேன். பஞ்சரைக்கிற கொட்டகைக்குப் பின்னால சைலஸு என்னைய இழுத்துட்டுப் போனான். கொரிந்து டவுன்ல வடக்கத்தி நீலச்சட்டைக்காரன் வந்து உக்காந்துட்டான், நானும் ஹெஸ்டரும் கெளம்புறோம், வாடான்னான். டாஃப்னியைப் பெரிய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டியிருந்தாக. உன் ஆளு பட்டாளத்துல இருந்து ஓடுனான்னு சேதி வந்துச்சு, மறுநாளே நீ டெக்சாஸ் அடிமை யாவாரி வண்டியில இருப்பன்னு பெரிய தொரை எங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டே சொல்லியிருந்தாரு. சைலஸுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் கேட்டான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். சரி போ, உன் தொரைக்குக் காப்பி ஆறிறப் போகுதுன்னான். அதான் தாயி, என் தம்பி என்கிட்டப் பேசுன கடைசிப் பேச்சு.

டாஃப்னியாலதான் நின்னேன்னு டாஃப்னிகிட்ட நான் சொன்னதே இல்ல. சொன்னா அந்தப் பாரத்தை அவ சொமக்கணும். தட்டை வெளிய வைக்கிறது அதைவிட லேசு.

அப்புறம் அந்த அடுப்பு மாதிரி வெயிலு. சைப்ரஸ் ஓடைப் பக்கம் சண்டை. குண்டு பட்டுச் செத்தவனுக்குச் சமமா வெயில் பட்டுச் செத்தவனும் கெடந்தான். அன்னிக்கு நீலச்சட்டை தோத்து ஓடுச்சு. ஓடுற பட்டாளத்துக்குப் பின்னால நின்னு தடுத்துக் குடுத்தது யாருங்குற? கறுப்புப் பட்டாளந்தான். வெள்ளைக்கார நீலச்சட்டைக பாலத்தைத் தாண்டுற வரைக்கும் நம்ம ஆளுக நின்னாக. வண்டி ஒண்ணு பாலத்துல சிக்கிக்கிச்சு. அப்புறம் தாண்ட வழியில்ல. துப்பாக்கியக் கீழ போட்டாக.

நான் தொரைக்குத் தண்ணிக் குடுவை எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். நம்ம ஆளுக கையைத் தூக்கிக்கிட்டு வர்றதைப் பாத்தேன். ராண்டல் தொரை என் கையில இருந்து தண்ணி வாங்கிக் குடிச்சாரு. வாயைத் தொடைச்சாரு. இந்தக் கலர்ல ஒருத்தனும் கைதியா வேணாம்னு, சாப்பாடு வேணாம்னு சொல்ற மாதிரி சொன்னாரு. நான் குடுத்த தண்ணி தாயி அது.

அவரும் பொழுது சாயுறதைப் பாக்கல. ஓடைக்கு அந்தக் கரையில இருந்து எவனோ சுட்டான், கழுத்துல பட்டுச்சு. என்னைய எதுக்கு அப்புடிப் பாக்குற? நான் இல்ல. அந்தப் பாக்கியம் எனக்கு இல்ல.

பெரிய வீட்டுப் புள்ள செத்தா, கூட இருக்குற அடிமை பொணத்தை வீட்டுக்குக் கொண்டு போகணும். அதுதான் அவுக வழக்கம். கர்னல் உடனே வழிச்சீட்டு எழுதிக் குடுத்தாரு. வண்டிப் பலகையை ஒடைச்சு ரெண்டு பேரு ஒரு பொட்டி அடிச்சாக. எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் காலுன்னு தெரியாத வெறும் பொட்டி. அடிச்சுப் போட்டுட்டு மூக்கைப் புடிச்சுக்கிட்டு ஓடிட்டாக. அந்த வெயில்ல பொணம் எப்புடி இருக்கும்! குளுப்பாட்டு, சவரம் பண்ணு, உள்ள வச்சு ஆணி அடிச்சுருன்னு என் கையில குடுத்துட்டுப் பட்டாளம் முழுக்க நீலச்சட்டையத் தொரத்திக்கிட்டுப் போயிருச்சு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. நாத்தம் தொரைகளுக்கு ஆகாதுல்ல. குளுப்பாட்டத் தண்ணி எடுக்க ஓடைக்குப் போனேன். அதை அப்புறம் சொல்றேன்.

கழுதை வண்டியில பொட்டிய வச்சு ஓட்டிக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் மரியாதைதான் போ. காவல் நிக்கிற சிப்பாயெல்லாம் தொப்பியக் கழட்டுனான். முக்குல முக்குல தொரசானிக ஓடி வந்து பொட்டி மேல ரோசாப்பூவைப் போட்டாக. ஒரு கெழட்டுத் தொரை ரோட்டோரத்துல முட்டி போட்டுச் சாமி கும்புட்டாரு. நான் அழுதுக்கிட்டே ஓட்டுனேன். பாரு எசமானுக்கு எப்புடி அழுகுறான்னு பாத்தவுகளும் சேந்து அழுதாக. நெசமாத்தான் அழுதேன் தாயி. ஏங்கி ஏங்கி அழுதேன். யாருக்கு அழுகுறன்னு ஒருத்தரும் கேக்கல.

வீட்டுக்கு வந்ததும் பெரிய தொரசானி பொட்டியைத் தொறக்கச் சொல்லி விழுந்து பெரண்டாக. வேணாம் தாயே, அவரு இருந்த முகத்தையே மனசுல வச்சுக்கங்கன்னேன். எம்புட்டுப் பாசம்னு என் தலையத் தடவிக் குடுத்தாக. அந்தக் கையை நான் தட்டி விடல.

போன மாசம் கமிட்டிக்காரவுக வந்தாக. கோர்ட்டுக்கு முன்னால பெரிய செலை வைக்கப் போறாகளாம், கல்லுச் சிப்பாய். அதுக்கு அடியில ராண்டல் தொரை பொட்டிய எடுத்துட்டுப் போயி வைக்கணுமாம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தோண்டுனா பொட்டி சும்மா இருக்குமா, பலகை உளுத்திருக்கும்ல? சட்டுன்னு குப்புற விழுந்து அழுதேன். தொரை, அவரு சாகையில என் கையைப் புடிச்சு, எங்க வீட்டாளுக பக்கத்துல என்னையப் படுக்க வை ஆம்ப்ரோஸ், அங்கிருந்து என்னைய எடுக்க விட்டுறாதன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாருன்னேன். கழுத்துல குண்டு பட்டவன் எங்க பேசுவான்? ஒருத்தருக்கும் தோணல. எல்லாரும் கைக்குட்டைய எடுத்துட்டாக. இன்னிக்குக் காலையில மேடையில அதை வாசிச்சாக, கூட்டமே மூக்கை உறிஞ்சுச்சு. நான் வாயில வந்ததைச் சொன்னேன், இனி அது சரித்திரம்.

என்ன, எந்திரிச்சுட்ட? போறியா?

போ. ரயிலுக்கு இன்னும் நேரம் கெடக்கு, ஆனாலும் போ. உன் மேல தப்பில்ல. இம்புட்டுக் கேட்டதே பெருசு. ஆமா, கையில வச்சிருக்கியே பூவு, அதை என்ன செய்யப் போற? கொரிந்துல நீலச்சட்டைக்காரவுக கல்லறையில வச்சது போக மிச்சமா? அங்க போயிட்டுத்தான் வர்றியா? பேரில்லாத கல்லு வரிசை வரிசையா இருக்கும், நானும் ஒருதடவை போயிப் பாத்திருக்கேன். இதுல எங்கப்பன் எந்தக் கல்லுன்னு தெரியாம ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவா வச்சியாக்கும். வாடிப் போயிரும் தாயி, இங்க வச்சுட்டுப் போ.

கத்தாத. மெதுவா. தொரைக்கு வைக்கச் சொல்லல.

தொரை இங்க இல்ல.

அங்கதான் இருக்காரு, கொரிந்துல. நீ நேத்துப் பூ வச்சியே, அந்தப் பேரில்லாத கல்லுகள்ல ஏதோ ஒண்ணுல. நீ அவருக்கும் ஒரு பூ வச்சிருப்ப. சிரிப்பு வரல? எனக்கு மொதல்ல வரல, போகப் போக வந்துச்சு.

உக்காரு. மொகத்தைச் சாதாரணமா வச்சுக்க. அந்தா மரத்தடியில வெட்டியான் வெள்ளைக்காரன் நம்மளத்தான் பாத்துக்கிட்டு இருக்கான். இதைவிடச் சின்ன விசயத்துக்கெல்லாம் இந்த ஊர்ல ஆளை மரத்துல தொங்க விட்டிருக்காக.

தண்ணி எடுக்க ஓடைக்குப் போனேன்னேன்ல. பாலத்துக்குக் கீழ ஒரு பள்ளம். நம்ம ஆளுகளை அதுல அள்ளிப் போட்டிருந்தாக, மண்ணு கூடத் தள்ளல. மேலாக ஒரு கை தெரிஞ்சுச்சு. முழங்கையில வழுவழுன்னு தீக்காயத் தழும்பு. சின்னப் புள்ளையில சோளத்தட்டைப் பாகு காய்ச்சையில கொப்பரையில இருந்து தெறிச்ச தழும்பு. நான்தான் கிண்டுனேன், அவன்மேல தெறிச்சுச்சு. உள்ளங்கையில ஓட்டை தாயி. கையைத் தூக்கி, விரிச்சுக் காட்டியிருக்கான். அது வழியாக் குண்டு போயி நெத்தியில பட்டிருக்கு.

அழாத. கேளு. முழுசாக் கேளு.

தொரைக்குன்னு வச்சிருந்த சோப்பு, தொரைக்குன்னு வச்சிருந்த துண்டு, அவரோட சவரக் கத்தி, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போனேன். என் தம்பியக் குளுப்பாட்டுனேன். சவரம் பண்ணி விட்டேன். மூணு வருசமா அந்தத் தாடையில ஓட்டுன கத்தி, அன்னிக்குத்தான் அது பொறந்ததுக்கு ஒரு வேலை செஞ்சுச்சு. நீலக் கோட்டை நான் கழட்டல. பொத்தானையெல்லாம் பளபளன்னு தேய்ச்சு வச்சேன். தேய்க்கிறதுல எனக்கு மேல ஆளு கெடையாது. ஆளு அடையாளம் தெரியக் கூடாதுன்னு தொரை கோட்டைக் கழட்டி எரிச்சேன், அவரைத் தூக்கிக்கிட்டுப் போயி அவுக எங்களை எங்க போட்டாகளோ அங்கயே போட்டேன். நாலு கூடை மண்ணு தள்ளுனேன். நம்ம ஆளுக மேலதான் தள்ளுனேன், அவரும் கூடக் கெடந்தாரு. சண்டை முடிஞ்சு வடக்கத்தி சர்க்காரு ஆளு வந்து பள்ளத்துல இருந்த எலும்பையெல்லாம் எடுத்துட்டுப் போயிப் பேரில்லாத கல்லு நட்டுச்சு. எலும்புல ஏது நெறம்?

இந்தப் பொட்டிக்குள்ள இருக்குறது உங்கப்பன் சைலஸு.

இதைத்தான் டாஃப்னி காதுல சொன்னேன். நல்லா இருக்கையில சொல்லியிருக்கலாம். ஆனா அவ வாயில எள்ளு நனையாது. பொழுது விடியுறதுக்குள்ள ஊரு முழுக்கத் தெரிஞ்சிருக்கும், அவனைத் தோண்டி எடுத்து நாய்க்குப் போட்டிருப்பாக. கடைசியில சொன்னேன். கேட்டுச்சோ என்னமோ, என் கையை ஒருதடவை அமுக்குனா. வலியில அமுக்குனதாவும் இருக்கலாம்.

நாய்க் காவல்னு சொல்றாகல்ல. ஆமா, காவந்தான். எனக்கும் இப்ப இருமல்ல ரத்தம் வருது. நான் போயிட்டா அவன் இங்க இருக்கான்னு தெரிஞ்ச ஒரு உசுரு இந்தப் பூமியில வேணும்ல. இனி நீ இருக்க.

சரி அழு. அடக்குனா நெஞ்சு வெடிச்சுரும். வாய் விட்டே அழு தாயி, ஒண்ணும் பயமில்ல. பாக்குறவன் நம்ம ரெண்டு பேரும் தொரைக்கு அழுகுறோம்னு நெனைச்சுக்குவான். இந்த ஊர்ல நமக்குன்னு உள்ள ஒரே சுதந்திரம் அதுதான்.

பூவை வை. அங்க இல்ல, அந்தக் கல்லுக்கிட்ட வைக்காத. இங்க வா, இந்த மொட்டைப் புல்லுக்கு. உன்னைய மிதிக்காதன்னு கத்துனேன்ல, அந்த எடத்துல. பொட்டியில தலைப் பக்கம் கோடாலியால ஒரு கொத்து போட்டு அடையாளம் வச்சிருந்தேன். அடக்கத்தன்னிக்கு, மரியாதைக்காக அடிமைக தொடக் கூடாது, நாங்களேதான் எறக்குவோம்னு தொரைகளே தூக்குனாக. பொணப்பொட்டிய அவுக எப்பத் தூக்கியிருக்காக? அந்த அடையாளம் இந்தப் பக்கம் வர்ற மாதிரித் திருப்பி எறக்கிட்டாக. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன், வாயைத் தொறக்கல. தலைமாடு இது. இம்புட்டு வருசமா அம்புட்டுத் தொரசானியும் குனிஞ்சு குனிஞ்சு உங்கப்பன் காலுக்குத்தான் பூப்போட்டுக்கிட்டு இருக்காக.